காப்ரியில் ஒரு தனிப் படகு

எவ்வளவு பணம் என்பதை மகள் கடைசிவரை சொல்வதாக இல்லை. ஆனால் காப்ரித் தீவின் மெரினா கிராண்டே துறையில் படகுக்காரர் நீட்டிய சின்ன இயந்திரத்தில் அவள் கார்டைச் செருகியபோது, அதன் திரையில் தெரிந்த எண்ணை அவர் பார்த்துவிட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் மைக்ரோமீட்டர் பார்த்துப் பழகிய கண்கள். யூரோவை ரூபாயாக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அவருடைய ஒரு மாதப் பென்ஷனைவிட அதிகம். அதுவும் நான்கு மணி நேரத்துக்கு.

"அதோ, அந்தப் பெரிய படகுல அத்தனை பேரும் போறாங்களே. நாம மட்டும் என்ன ஜமீன்தார் வீடா?" என்றார்.

பக்கத்துத் துறையில் பல தேசத்து மக்கள் வெயிலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெரிய படகு அவர்களை ஏற்றிக்கொண்டிருந்தது. டிக்கெட் விலை பலகையிலேயே எழுதியிருந்தது. மகள் பதில் சொல்லவில்லை. கயிறு கட்டும் இரும்புக் குற்றி ஒன்றின்மேல் உட்கார்ந்து இரண்டு முழங்கால்களையும் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவைக் காட்டினாள். அவ்வளவுதான். அவர் பேசாமல் படகில் ஏறினார்.

இது நடந்தது 2019 மே மாதம். அவருக்கு அப்போது வயது 70. வங்காளத்தில் ஒரு ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு 66. மகளுக்கு ஜூரிச்சில் மென்பொருள் வேலை. பெற்றோரை மூன்று வாரம் ஐரோப்பாவுக்கு அழைத்த அவள், எங்கே போக வேண்டும் என்று கேட்டபோது அப்பா பாரிஸ் என்றோ ரோம் என்றோ சொல்வார் என்றுதான் நினைத்திருந்தாள். அவர் யோசிக்காமல் "காப்ரி" என்றார். அம்மாவிடமும் கேட்டாள். "உங்கப்பா சொல்ற இடத்துக்கே போகலாம்" என்று பதில் வந்தது. அந்த வீட்டில் நாற்பத்தெட்டு வருடங்களாக இருந்துவரும் பதில் அது.

காப்ரி இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடா வாசலில் இருக்கும் ஒரு சுண்ணாம்புப் பாறை. பரப்பு சுமார் 10 சதுர கிலோமீட்டர். காப்ரி, அனாகாப்ரி என்று இரண்டு ஊர்கள். ஒன்று தாழ்வில், ஒன்று மேட்டில். பணக்காரர்களும் சினிமா நட்சத்திரங்களும் வந்துபோகும் இடமாகத்தான் உலகம் இதை அறிந்திருக்கிறது. கைப்பை விற்கும் கடைகளில் விலை எழுதிய சீட்டு இருக்காது; விலை கேட்பவர் வாங்கப் போவதில்லை என்று பொருள். ஓய்வுபெற்ற ஒரு தொழிற்சங்கக்காரர் ஆசைப்பட வேண்டிய ஊர் அல்ல.

அவர் ஆசைப்பட்டதற்குக் காரணம் மாக்ஸிம் கார்க்கி. 1905 புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவில் இருக்க முடியாமல் வெளியேறிய கார்க்கி, 1906 இலையுதிர் காலத்தில் காப்ரிக்கு வந்தார். 1913 முடிவில் ஜார் அரசின் பொதுமன்னிப்பைப் பயன்படுத்தி ஊர் திரும்பும்வரை ஏழு வருடம் இங்கேதான் இருந்தார். 1909ல் ரஷ்யத் தொழிலாளர்களுக்காக ஒரு கட்சிப் பள்ளிக்கூடமே இந்தத் தீவில் நடந்தது. ரகுநாதன் மொழிபெயர்த்த 'தாய்' நாவலை அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் படித்தார். பிறகு மாஸ்கோவில் அச்சான புத்தகங்கள் மலிவு விலையில் எங்கே கிடைத்தாலும் வாங்கினார். சோவியத் யூனியன் 1991ல் கலைந்தபோதும் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடவில்லை. அவை இன்னும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. தூசி தட்டுவது மனைவி.

படகு பெரிதல்ல. எட்டு மீட்டர் நீளம் இருக்கும். 'கோட்ஸோ' என்கிறார்கள். இந்தக் கரைகளில் மீன் பிடிக்கத் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்ட மரப்படகு இது. இப்போது அதே வடிவத்தில் டீசல் இன்ஜின் வைத்து, வலை கிடந்த இடத்தில் வெள்ளை மெத்தை போட்டு, ஐஸ் பெட்டியில் எலுமிச்சைச் சாறு வைத்து வாடகைக்கு விடுகிறார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர்வரை தொழில். அதன் பிறகு படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்க வேண்டும். ஓட்டுபவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தாத்தா மீனவர் என்று மகளிடம் சொன்னார். அப்பாவும் மீனவராகத்தான் தொடங்கினாராம். "இவர் மீன் பிடிப்பாரா?" என்று அம்மா கேட்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என்று பதில்.

தீவைப் படகில் சுற்றுவதில் ஒரு லாபம் உண்டு. காப்ரியில் எங்கே போனாலும் படிக்கட்டு. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் ஊர் நடுவிலுள்ள சதுக்கத்தில் காப்பி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கடலிலிருந்து பார்த்தால் படிக்கட்டெல்லாம் மற்றவர்கள் பாடு. பெரிய படகில் போனாலும் இதே தீவைப் பார்க்கலாம். ஆனால் அதில் ஏற, இறங்க, இடம் பிடிக்க முட்டி வேண்டும். ஒருவர் மெதுவாகக் காலெடுத்து வைக்கிறார் என்பதற்காக அது காத்திருக்காது. மகள் கொடுத்த பணம் மெத்தைக்கு அல்ல, அந்தக் காத்திருப்புக்கு என்பது அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் 'பிரைவேட்' என்ற சொல் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

படகு கிழக்கே திரும்பியது. முதலில் வருவது திபேரியுஸ் மலை. கடலிலிருந்து செங்குத்தாக எழும் 300 மீட்டருக்கு மேற்பட்ட சுவர். உச்சியில் ரோமப் பேரரசர் திபேரியுஸின் அரண்மனை இடிந்து கிடக்கிறது. கி.பி. 27லிருந்து 37ல் சாகும்வரை அவர் ரோமுக்குத் திரும்பவே இல்லை. பத்து வருடம் ஒரு சாம்ராஜ்யம் இந்தப் பாறையிலிருந்து கடிதம் மூலம் ஆளப்பட்டது. பிடிக்காதவர்களை இங்கிருந்து கடலில் தள்ளினார் என்று பிற்காலத்தில் எழுதிய சரித்திரக்காரர் சுவெட்டோனியுஸ் சொல்கிறார். அவர் சொல்லும் இன்னொரு கதையை மகள் கைப்பேசியில் பார்த்துச் சொன்னாள். ஒரு மீனவன் பெரிய மீன் ஒன்று பிடித்தான். பேரரசருக்குக் கொடுக்கலாம் என்று பின்பக்கப் பாறை வழியாக ஏறிப் போனான். காவலைத் தாண்டி ஒருவன் வந்துவிட்டானே என்று பயந்துபோன பேரரசர், அந்த மீனாலேயே அவன் முகத்தைத் தேய்க்கச் சொன்னார். நல்ல வேளை, பிடித்த நண்டைக் கொண்டுவரவில்லை என்று அவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். நண்டும் கொண்டுவரப்பட்டது, முகம் கிழிந்தது.

"பாத்தியா, ஏகாதிபத்தியம்" என்றார் அவர்.

"பாவம், அவன் பொண்டாட்டி அன்னைக்கு ராத்திரி என்ன பண்ணியிருப்பா" என்றாள் மனைவி.

கிழக்குக் கரை முழுக்கக் குகைகள். பாறையில் நீர் சொட்டிச் சொட்டி வெள்ளை மெழுகு வழிந்த மாதிரி நிற்கும் வெள்ளைக் குகை. அதற்குப் பிறகு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை ஒன்றின்மேல் சிவப்பு நிறத்தில் ஒரு தனி வீடு. கூரையே படிக்கட்டாக அமைந்தது. எழுத்தாளர் மலப்பார்தெ கட்டிக்கொண்டது. பிரெஞ்சு இயக்குனர் கோதார் 1963ல் வெளியான தன் படம் ஒன்றை இங்கே எடுத்தார். படகுக்காரர் பெருமையோடு நடிகை பிரிஜித் பார்தோவின் பெயரைச் சொன்னார். அவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது. மனைவி திரும்பிப் பார்த்ததும் கடலைப் பார்த்துக்கொண்டார்.

தென்கிழக்கு மூலையில் ஃபராலியோனி. கடலில் நிற்கும் மூன்று பாறைகள். ஒவ்வொன்றும் நூறு மீட்டர் சுமார். கடைசிப் பாறையில் நீல நிறப் பல்லி வகை ஒன்று வாழ்கிறது. அது வேறெங்கும் கிடையாது. நடுப்பாறையின் அடியில் கடல் குடைந்த ஒரு வளைவு உண்டு. அதன் வழியே படகு போகும். போகும்போது ஜோடிகள் முத்தமிட்டுக்கொண்டால் அதிர்ஷ்டம் என்பது இங்கத்து வழக்கம். மகள் இதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் முன்னால் போன படகிலிருந்த வயதான தம்பதி எல்லாருக்கும் விளக்கிவிட்டார்கள். படகுக்காரர் இன்ஜின் வேகத்தைக் குறைத்து இவர்களைத் திரும்பிப் பார்த்தார். மனைவி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "சீக்கிரம் ஓட்டச் சொல்லுடி" என்றாள். வளைவுக்குள் அந்தச் சிரிப்பு எதிரொலித்தது.

பாறைகளைத் தாண்டியதும் தெற்குக் கரை திறக்கிறது. இதற்காகத்தான் அவர் வந்தார். மலைச்சரிவில் கீழிருந்து மேலாகப் பாம்பு மடிந்தது மாதிரி ஒரு பாதை. அதன் மேல்முனையில் தோட்டம். தோட்டத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு கட்டடம். கார்க்கி முதலில் குடியிருந்த வீடு அதுதான். 1908 ஏப்ரலில் லெனின் வந்து தங்கி, போக்தானவுடன் சதுரங்கம் ஆடியது அந்த நாட்களில்தான். அந்தப் புகைப்படம் உலகப் பிரசித்தம். தோட்டத்துக்கு அருகில் சிற்பி மன்ட்ஸூ செய்த லெனின் நினைவுச் சின்னம் 1970 முதல் நிற்கிறது.

படகை நிறுத்தச் சொல்லி அவர் எழுந்து நின்றார். கை தானாகச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தது. "இப்போ அது என்ன?" என்று கேட்கச் சொன்னார்.

ஹோட்டல் என்றார் படகுக்காரர். பெயர், வில்லா குரூப்.

"எந்த குரூப்?"

அதே குரூப்தான். ஜெர்மனியின் பீரங்கி உற்பத்தியாளர். காப்ரியில் குளிர்காலங்களைக் கழித்த ஃப்ரீட்ரிக் ஆல்ஃப்ரெட் குரூப்தான் 1900க்கும் 1902க்கும் இடையில் தன் பணத்தில் அந்தப் பாம்புப் பாதையைப் போட வைத்தார். பாதைக்கும் அவர் பெயர். கார்க்கி இருந்த வீட்டுக்கும் இப்போது அவர் பெயர். அவர் சிரித்துவிட்டார். ஒரு நிமிடம் கழித்து, சிரித்திருக்க வேண்டாமோ என்கிற மாதிரி உட்கார்ந்தார்.

பிறகு அவர் மகளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார். லெனினுக்கு இந்தத் தீவு மீனவர்கள் தூண்டில் கோல் இல்லாமல், நூலை விரலில் சுற்றிக்கொண்டு மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மீன் கடித்தால் நூல் 'டிரின், டிரின்' என்று அதிரும் என்றார்கள். ஒரு மீன் மாட்டியதும் லெனின் குழந்தை மாதிரி 'டிரின் டிரின்' என்று கத்தினார். அன்றிலிருந்து மீனவர்களுக்கு அவர் 'சின்யோர் டிரின் டிரின்'. அவர் போன பிறகும், ஜார் அவரைப் பிடித்துவிடவில்லையே என்று கார்க்கியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கார்க்கியே எழுதிவைத்த சம்பவம் இது. மகள் மொழிபெயர்த்தாள். படகுக்காரருக்கு லெனின் கதை தெரியவில்லை. ஆனால் நூலைச் சுற்றிய மாதிரி ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டி, அப்படித்தான் என்று தலையாட்டினார். தாத்தாவும் அப்படித்தான் பிடிப்பாராம்.

உற்சாகம் வந்துவிட்டது. அவர் 'இத்தாலியக் கதைக'ளுக்குப் போனார். காப்ரியில் இருந்தபோது கார்க்கி எழுதியவை. அதில் ஒரு கதை பார்மா நகரத்து வேலைநிறுத்தத்தைப் பற்றியது. போராட்டம் நீண்டு பட்டினி வந்ததும் தொழிலாளர்களின் குழந்தைகளை ரயிலேற்றி ஜெனோவாவுக்கு அனுப்புகிறார்கள். ஜெனோவா ஸ்டேஷனில் கொடியும் வாத்தியமுமாகக் கூட்டம் காத்திருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் அந்தக் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். நூறு தடவை சொன்ன கதை. "அதுதான் வர்க்க உணர்வு. அதுதான் ஒற்றுமை" என்று முடித்தார்.

மனைவி ஐஸ் பெட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நம்ம புள்ளைய யாரும் வந்து கேக்கல."

படகின் அடியில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

1974 மே 8ஆம் தேதி தொடங்கிய அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தம் இருபது நாள் நீடித்தது. பதினேழு லட்சம் தொழிலாளர்கள் சம்பந்தப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் கைதானார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். ரயில்வே குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. வேலை போனவர்கள் 1977ல் ஜனதா அரசு வந்த பிறகுதான் திரும்ப எடுக்கப்பட்டார்கள். அவருக்கு அப்போது 25 வயது. இரண்டு மாதம் சிறை, மூன்று வருடம் வேலை இல்லை. மகள் இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவள். சிறையில் பாடிய பாட்டு, போலீஸ் வேனுக்குள் யார் யார் இருந்தார்கள், திரும்ப வேலைக்குப் போன நாளில் வாசலில் போட்ட மாலை எல்லாம் தெரியும். அந்த மூன்று வருடம் அடுப்பு எப்படி எரிந்தது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

மனைவி குரலை உயர்த்தாமல் சொன்னாள். மகளிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். ஒரு வயதுப் பையன், இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு ஸ்டவ். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்ன அன்று மழை. நாலு வீடு தள்ளி இருந்த தெலுங்குக்காரம்மா திண்ணையைக் கொடுத்தாள். அதுவும் அவள் புருஷன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் பயந்து பயந்து. பிறகு ஒரு அறை. முறுக்குச் சுற்றி, அப்பளம் இட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. தெருவைக் கடக்கும்போது பையன் இடுப்பில். சங்கிலி போயிற்று, வளையல் போயிற்று. ஜெயிலுக்குப் பார்க்கப் போனபோது இதெல்லாம் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது. சொல்லவில்லை.

"நாம மட்டுமா கஷ்டப்பட்டோம்? பதினேழு லட்சம் பேர்" என்றார் அவர். பழைய வாக்கியம். வாயில் தானாக வந்தது.

"பதினேழு லட்சம் பேரும் சேந்துதான் போராடினீங்க. இல்லேங்கல. போராட்டம் தப்புன்னும் சொல்லல. ஆனா அரிசிக் கடைக்கு நான் தனியாத்தாங்க போனேன்."

அவர் பதில் சொல்லவில்லை. அப்புறம் நெடுநேரம் 'பிரைவேட்' பற்றியும் பேசவில்லை.

தென்மேற்கு முனையில் புந்தா கரேனா கலங்கரை விளக்கம். அதைத் தாண்டினால் மேற்குக் கரை. இங்கே மலை தாழ்கிறது. கரையோரம் சின்னச் சின்னக் கோட்டைகள். நெப்போலியன் காலத்தில் 1806ல் ஆங்கிலேயர் இந்தத் தீவைப் பிடித்தார்கள், 1808ல் பிரெஞ்சுக்காரர்கள் அவர்களை விரட்டினார்கள். அந்தச் சண்டையின் மிச்சம். கரையோரம் படகை நிறுத்தி எல்லாரும் சாப்பிட்டார்கள். மனைவி எவர்சில்வர் டப்பாவிலிருந்த புளியோதரையைப் படகுக்காரருக்கும் ஒரு தட்டில் வைத்தாள். அவர் முள்கரண்டியால் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் இரண்டு பாட்டில் குடித்தார்.

கடைசியாக வடமேற்கில் நீலக் குகை. இங்கேதான் தனிப் படகின் மகிமை முடிகிறது. எவ்வளவு பணம் கொடுத்து அமர்த்திய படகானாலும் குகைக்குள் போக முடியாது. வாசலின் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். இதற்கென்றே இருக்கும் துடுப்புப் படகுகள் மட்டும்தான் உள்ளே போகும். ஒன்றில் மூன்று, நான்கு பேர். அதற்குத் தனிக் கட்டணம். பெரிய படகில் வந்தவர்கள், தனிப் படகில் வந்தவர்கள், மேலே சாலை வழியாகப் பேருந்தில் வந்து படியிறங்கியவர்கள் எல்லாரும் காத்திருந்துதான் ஆக வேண்டும். கடல் கொஞ்சம் கொந்தளித்தாலும் அன்றைக்குக் குகை கிடையாது. எத்தனையோ பேர் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அன்று கடல் அமைதி. முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள்.

குகையை உலகத்துக்குச் சொன்னவர் ஆகஸ்ட் கோப்பிஷ் என்ற ஜெர்மானியர். ஆண்டு 1826. அவரைக் கூட்டிப் போனவர் ஒரு உள்ளூர் மீனவர். பேய் இருக்கிறது என்று ஊரார் அந்தப் பக்கம் போகாமல் இருந்தார்கள். ஆனால் ரோமானியர்களுக்குக் குகை நன்றாகத் தெரியும். இருபதாம் நூற்றாண்டில் குகைத் தரையிலிருந்து கடல் தேவதைகளின் பளிங்குச் சிலைகளை எடுத்திருக்கிறார்கள். பேரரசரின் கடல் மண்டபமாக அது இருந்திருக்க வேண்டும்.

படகிலிருந்து படகுக்கு மாற வேண்டும். இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. "உன் முட்டிக்கு இது வேண்டாம். நாம வெளியிலிருந்தே பாத்துக்கலாம்" என்றார் அவர்.

"நீங்க இருங்க. நான் போறேன்" என்றாள் மனைவி.

நாற்பத்தெட்டு வருடத்தில் அவர் கேட்டிராத வாக்கியம். படகுக்காரர் ஒரு கையையும் மகள் ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலை எடுத்து வைத்தாள். வலியில் முகம் சுருங்கியது. இரண்டாவது காலையும் எடுத்து வைத்தாள். அவர் பின்னாலேயே இறங்கினார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

துடுப்புக்காரர் எல்லாரையும் படகின் அடித்தளத்தில் உட்காரச் சொன்னார். வாசல் நெருங்கியதும், படு படு என்று கத்தினார். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து மல்லாக்கப் படுக்க வேண்டும். மனைவியின் தலை அவர் நெஞ்சில் இருந்தது. பக்கத்தில் மகள். துடுப்புக்காரர் அலை தாழும் தருணத்துக்குக் காத்திருந்து, பாறையில் பதித்த சங்கிலியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். பாறை மூக்கை உரசுவதுபோல் கடந்து போனது. இருட்டு. பிறகு நீலம்.

காரணம் எளிமையானது. வாசலுக்குக் கீழே தண்ணீருக்கு அடியில் இன்னொரு பெரிய திறப்பு இருக்கிறது. வெயில் அந்த வழியாகக் கடல்நீரைக் கடந்து உள்ளே வருகிறது. வருகிற வழியில் தண்ணீர் சிவப்பை உறிஞ்சிவிட்டு நீலத்தை மட்டும் விடுகிறது. அதனால் வெளிச்சம் மேலிருந்து வராமல் கீழிருந்து வருகிறது. தண்ணீர் தானே எரிவது மாதிரி இருக்கும். அதில் கையை விட்டால் கை வெள்ளியாகத் தெரியும். மனைவி கையை விட்டாள். வளையல், விரல், நகம் எல்லாம் வெள்ளி. "நீங்களும் விடுங்க" என்றாள். அவரும் விட்டார். லேத்தில் நுனி போன நடுவிரலும் வெள்ளியாகத்தான் இருந்தது. துடுப்புக்காரர் ஏதோ பாட்டை உச்சஸ்தாயியில் பாடினார். ஐந்து நிமிடம். அவ்வளவுதான் கணக்கு. வெளியே வந்ததும் பாட்டுக்காகக் கையை நீட்டினார். அவர் பாக்கெட்டிலிருந்து, மகளுக்குத் தெரியாமல் வைத்திருந்த ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

வடக்குக் கரையோரம் திரும்பும்போது மெரினா கிராண்டேவுக்கு மேலே மலைமுகத்தில் கோடு கிழித்த மாதிரி ஒரு படிக்கட்டு தெரிந்தது. ஃபினீஷியப் படிகள் என்று பெயர். 921 படிகள். 1870களில் சாலை போடும்வரை அனாகாப்ரிக்கு அதுதான் வழி. துறையில் இறங்கும் பயணிகளின் பெட்டிகளையும் தண்ணீரையும் சாமான்களையும் அதன் வழியே தலையில் சுமந்து ஏறியவர்கள் பெரும்பாலும் பெண்கள். மகள் இதைப் படித்துச் சொன்னபோது மனைவி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். படகுக்காரர் அவள் பார்க்கிறாள் என்று இன்ஜினைத் தணித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருந்தது.

"இந்தப் பொம்பளைங்க பேரு எந்த ஹோட்டலுக்கும் வைக்கலியா?" என்று கேட்டாள்.

மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

சோரென்டோவுக்குத் திரும்பும் கப்பலில் கூட்டம். மூவருக்கும் சேர்ந்து இடம் கிடைக்கவில்லை. மகள் தள்ளி உட்கார்ந்தாள். தீவு பின்னால் சின்னதாகிக்கொண்டிருந்தது. கார்க்கியின் வீடு அந்தப் பக்கத்துச் சரிவில், இங்கிருந்து தெரியாது. அவர் அதைத் தேடவும் இல்லை.

"அந்த ரெட்டை வடச் சங்கிலி எவ்வளவுக்குப் போச்சு?" என்று கேட்டார்.

"எந்தச் சங்கிலி?"

"எழுபத்துநாலுல."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பத்தைந்து வருடம் கழித்து வருகிற கேள்வி. "இப்ப எதுக்கு?"

"தெரியணும்."

"மூணு பவுன். ஆயிரத்து நாப்பது ரூபா கொடுத்தான்" என்றாள். கொஞ்சம் யோசிக்கக்கூட இல்லை. "சீட்டு இருக்கு. உங்க ரஷ்யாக்காரன் புஸ்தகத்துக்குள்ளதான் வச்சிருக்கேன். ஊருக்குப் போனதும் காட்டறேன்."